செயலாளர் ஆண்டறிக்கை: 2024–25

தலைவர் அவர்களுக்கும் திரைப்படச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதத் திரையிடல்கள் தடையில்லாமல் நடந்தன. மழையால் ஒருமுறை தள்ளிப்போனதை அடுத்த வாரமே ஈடுகட்டினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

சென்ற பொதுக்குழுவில் ஓர் இளம் உறுப்பினர், "சினிமா படிக்கவில்லை, அங்கே யாரையும் தெரியாது, நான் எப்படித் திரைக்கதை எழுத?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த ஆண்டு முழுக்க இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜின் இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு பேசினோம். நம் மதுரைப் பக்கத்துக்காரர். சின்ன வயதிலேயே பூ மார்க்கெட்டில் வேலை, அப்புறம் திருப்பூரில் பனியன் வேலை. சினிமா ஆசையோடு சென்னைக்குப் போனவருக்கு டிவிடி கடையில் வேலை கிடைத்தது. அந்தக் கடைதான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

அவருடைய சகோதரியைக் கணவர் வீட்டைவிட்டு விரட்ட, அவர் குழந்தையோடு 13 கிலோமீட்டர் வெயிலில் நடந்தே தாய்வீடு வந்து சேர்ந்தார். அதே தூரத்தை அந்தக் கணவன் நடந்தால்? அவருடைய முதல் படமான 'கூழாங்கல்' அங்கிருந்துதான் பிறந்தது. மேலூர் அருகே அரிட்டாபட்டிப் பக்கத்துப் பொட்டலில், குடிகாரக் கணபதியும் மகன் வேலுவும் நடக்கிறார்கள். தாகத்துக்கு ஒரு கல்லைப் பையன் வாயில் அடக்கிக்கொள்கிறான். வீடு வந்ததும் அதை வைக்கப்போகும் இடத்தில் ஏற்கெனவே நிறையக் கற்கள் கிடக்கின்றன. எத்தனை முறை இப்படி நடந்திருப்பான்! யாரும் வாய் திறந்து சொல்லாமலே நமக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த ஒரு காட்சிக்கே மூன்று கூட்டங்கள் போயின. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. 2021இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் முதன்மை விருதான டைகர் விருதை வென்ற முதல் தமிழ்ப்படம் இது. அந்த ஆண்டு ஆஸ்கர் போட்டிக்கு இந்தியா அனுப்பியதும் இதைத்தான்.

இரண்டாவது படமான 'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்டில் வெளியானபோது தியேட்டருக்கே சேர்ந்து போனோம். மீனாவுக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொல்லி, ஆட்டோவில் ஏற்றி, சொந்தக்காரர்களே சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள். அவள் ஏறக்குறைய பேசுவதே இல்லை. பின்னணி இசையும் கிடையாது. வழியை மறித்து நிற்கும் காளையிடம் ஆம்பளைகள் தடுமாற, ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டாரே என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மீனாவைக் கட்டிக்கொள்ள இருக்கும் பாண்டி என்ன செய்யப்போகிறான் என்பதை நம்மிடம் விட்டதுதான் சரி என்று நினைக்கிறேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அதைத்தானே பேசிக்கொண்டு வந்தோம்!

இதன் தொடர்ச்சியாக, அவரவர் தெருவில் கண்ட ஒன்றை வசனமில்லாமல் ஒரே பக்கத்தில் எழுதச் சொன்னோம். முதலில் வந்தவற்றில் நிறைய டிவி சீரியல் சாயல். திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதவைத்தோம். கேள்வி கேட்ட அந்த உறுப்பினர், ரேஷன் கடை வரிசையில் தன் செருப்பை விட்டு அம்மாவுக்கு இடம்பிடித்துவிட்டு, சுடுதரையில் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கும் சிறுமியை எழுதியிருந்தார். வாசித்து முடித்ததும் கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை.

அதைக் குறும்படமாக எடுக்க, கேமரா வாடகைக்குச் சங்க நிதியிலிருந்து ஒரு தொகை ஒதுக்கும் தீர்மானத்தைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்