அம்மா கேட்ட தெரு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தனுஷ்கோடியில் தான் பிறந்து வளர்ந்த தெரு இப்போது எப்படி இருக்கிறது என்று உன் அம்மா கேட்டிருந்ததை நேரில் பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் இருந்தேன். போன சனிக்கிழமை தனுஷ்கோடி போய் வந்தேன்.

ரயிலில்தான் போனேன். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்துப் போய்க்கொண்டிருந்தோம் இல்லையா, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு இதுதான் எனக்கு முதல் பயணம். நீயும் நானும் காலேஜ் நாட்களில் கதவோரம் நின்றுகொண்டு கீழே கடலைப் பார்த்தபடி போவோமே, ரயில் ஊர்ந்து ஊர்ந்து போகும், அந்த நினைப்பாகவே இருந்தது. புதுப் பாலத்தில் கப்பலுக்கு வழிவிட நடுப் பகுதி அப்படியே நேராக மேலே ஏறுகிறது, பழையதில் இரண்டு பக்கமும் கை தூக்குவதுபோல் தூக்கும். பாலம் நன்றாக இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ராமேஸ்வரத்தில் இறங்கும்போது ஒன்று உறைத்தது. உன் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடைசி ஸ்டேஷன் இது இல்லை. பாம்பனிலிருந்து நேர் பாதை தனுஷ்கோடிக்குத்தான் போனது, ராமேஸ்வரம் அதிலிருந்து பிரிந்த கிளை. மெட்ராஸிலிருந்து போட் மெயிலில் வருகிறவர்கள் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடியும் ரயில் பிடித்துக் கொழும்பு போவார்கள். ஊரே அந்த ரயிலையும் கப்பலையும் வைத்துத்தான் இருந்தது. அம்மாவின் அப்பா சுமை தூக்கியதும் அந்தத் துறையில்தானே.

சரி, தெருவுக்கு வருகிறேன். சர்ச்சிலிருந்து மேற்கே மூன்றாவது தெரு, வாசலில் பூவரசு மரம் என்று அம்மா சொன்னதை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். சர்ச் இருக்கிறது, கூரை இல்லை, பவளப்பாறைக் கல் வைத்துக் கட்டிய சுவர் மட்டும் உப்புக் காற்றில் அரித்துப்போய் நிற்கிறது. ஸ்டேஷன் கட்டடத்திலும் கொஞ்சம் மிச்சம் உண்டு. அங்கிருந்து மேற்கே நடந்தால் மணல், அப்புறம் முள், அப்புறம் மறுபடி மணல். தெரு என்று சொல்ல ஒரு கோடுகூட இல்லை, சேகர். சங்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவிடம் கேட்டேன். அவர் கையை நீட்டி ஆண்கடல் பக்கம், அதாவது தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் காட்டினார். "அந்தப் பக்கம் வீடெல்லாம் இருந்துச்சுய்யா, இப்ப தண்ணிக்குள்ள." அவ்வளவுதான் சொன்னார். வடக்கே அலை குறைந்த பெண்கடலுக்கும் தெற்கே ஆண்கடலுக்கும் நடுவில் ஒரு துண்டு மணல்தானே அந்த ஊர், 1964 டிசம்பர் 22 ராத்திரி இலங்கையைக் கடந்து வந்த புயல் கடலையே தூக்கிக்கொண்டு வந்தபோது ஓடி ஒதுங்க ஒரு மேடுகூட இருந்திருக்காது.

அந்த பாசஞ்சர் ரயிலைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பாம்பனிலிருந்து நடுராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பியது, ஊருக்குள் நுழைய இருந்த நேரத்தில் அலை அடித்துப் போனது. 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

என் மனதை விட்டுப் போகாத விஷயம் வேறு. அதே புயல் பாம்பன் பாலத்தையும் பிய்த்துப் போட்டது, தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களான கர்டர்கள் நூற்றுக்கு மேல் கடலுக்குள் போய்விட்டன, தூக்குப் பகுதி மட்டும் தப்பியது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு ஸ்ரீதரனிடம் வந்தது, பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டினாரே அவர்தான், அப்போது முப்பத்திரண்டு வயது. கடலுக்கடியில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து மறுபடி பொருத்தி, 46 நாளில் ரயில் ஓடவைத்தார்கள். பெரிய வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பாலத்துக்கு நாள் கணக்கு இருக்கிறது, கர்டர் கணக்கு இருக்கிறது. எத்தனை வீடு போனது, யார் வீடு, அதில் இருந்தவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்கு அம்மா மாதிரி ஆட்களின் நினைவைத் தவிர எனக்குத் தெரிந்து எதுவுமில்லை. வாழத் தகுதியில்லாத ஊர் என்று அரசு அறிவித்தது, அதோடு முடிந்தது. கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. ஆபத்தான இடம்தான், அங்கே மறுபடி ஊர் கட்டியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த மக்களுக்கு வேறு ஓர் இடத்தில் அதே வேகத்தில் வீடு எழும்பியிருக்க வேண்டாமா?

இன்னமும் மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசை போட்டு அங்கேதான் இருக்கிறார்கள். மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கிறார்கள். நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கடல், நடுவில் அப்படி ஓர் இனிப்புத் தண்ணீர். "எங்க ஊர்த் தண்ணி மாதிரி வராது" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்வதை நாம் இருவரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. உண்மைதான் சேகர், அவரிடம் சொல்லிவிடு.

தெரு இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று உனக்குத் தயக்கமாக இருந்தால் நானே போனில் பேசுகிறேன். சர்ச் நிற்கிறது என்பதை முதலில் சொல். அவரை அழைத்துக்கொண்டு மாசியில் வாயேன், இப்போது காற்று பலமாக இருக்கிறது. 2017-ல் நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை ரோடு போட்டுவிட்டதால் அவர் மணலில் நடக்க வேண்டியதில்லை, சர்ச் வாசல் பக்கமே இறங்கலாம். சாயங்காலத்துக்குள் திரும்பச் சொல்லிவிடுவார்கள், அதனால் விடியற்காலையிலேயே கிளம்பிவிடலாம். வரும்போது ஒரு காலி பாட்டில் எடுத்து வா, அந்த ஊற்றுத் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
முருகேசன்