இனம் பிரிய மலை எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வந்த சோலைக்காட்டுப் பறவைகள் கட்டுரை நன்றாக இருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் இருக்கும் சிரிப்பான் வேறு, தெற்கே எங்கள் பழனி மலையில் கத்தும் சிரிப்பான் வேறு, நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குக் கிடக்கும் தாழ்நிலத்தை இந்தப் பறவைகள் கடப்பதில்லை, அதனால்தான் இரண்டும் தனித்தனி இனங்களாகிவிட்டன என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அதுவரை சரி. ஆனால் கடைசிப் பத்தியில், குறுக்கே மலையோ கடலோ பள்ளமோ இல்லாமல் ஓர் இனம் இரண்டாகப் பிரியவே பிரியாது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்களே, அங்கேதான் இடிக்கிறது.

நான் பெருமாள்மலைக்காரன். வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கிறேன். இந்தக் குளிருக்கு ஹீட்டர் போடாமல் ஒன்றும் பிழைக்காது, கரண்ட் பில் வரும் அன்று வீட்டில் விழும் திட்டு தனிக்கதை. என் தொட்டிகளில் இருக்கும் ஏஞ்சல், ஆஸ்கர் எல்லாம் சிக்லிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. உங்கள் வாசகர்கள் சாப்பிடும் ஜிலேபி மீனும் அதே குடும்பம்தான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952இல் இந்தியாவுக்கு வந்தது, இன்று மலைக்குக் கீழே அமராவதி அணையிலும் வைகை அணையிலும் வலை போட்டால் இதுதான் ஏறுகிறது.

சந்தேகம் இருந்தால் அடுத்த முறை ஜிலேபி வாங்கும்போது முகத்தைப் பாருங்கள். கெண்டைக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு மூக்குத்துளை, இதற்கு ஒன்றே ஒன்று. உடம்பின் பக்கவாட்டில் ஓடும் கோடும் முழுசாக ஓடாமல் நடுவில் அறுந்து, கொஞ்சம் கீழே இறங்கி மறுபடி தொடங்கும். அப்புறம் தலையைக் கழுவும்போது செவுளை எடுத்துவிட்டுத் தொண்டைக்குள் விரலை விட்டால் முக்கோணமாக ஓர் எலும்பு தட்டுப்படும், மேலே உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று பல். அது இரண்டாவது தாடை. முன்வாய் இரையைப் பிடிக்கிறது, அரைக்கிற வேலையைத் தொண்டை பார்த்துக்கொள்கிறது. அரைக்கிற பொறுப்பு போய்விட்டதால் முன்வாய் எந்த வடிவத்துக்கும் மாறலாம் என்றாகிவிட்டது. பாசி சுரண்ட ஒரு வாய், நத்தையைத் துழாவ ஒரு வாய், மற்ற மீனின் செதிலைக் கடித்துப் பிடுங்க ஒரு வாய். கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கனிக்கா ஏரியில் இந்தச் செதில் திருடர்களில் சிலவற்றுக்கு வாய் வலப்பக்கம் கோணியிருக்கும், சிலவற்றுக்கு இடப்பக்கம். ஒரு கோணல் வாய்க்காரர்கள் பெருகிவிட்டால் மாட்டுகிற மீன்கள் அந்தப் பக்கமே உஷாராகிவிடும், உடனே மற்ற கோணலுக்கு நல்ல காலம். ஜப்பானைச் சேர்ந்த ஹோரி என்பவர் 1993இல் இதை எழுதினார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அதே கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் விக்டோரியா ஏரி சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ முழுவதும் வற்றிக் கிடந்தது. மறுபடி நீர் நிறைந்த பிறகு அங்கே உருவான சிக்லிட் இனங்கள் ஏறக்குறைய 500. சிரிப்பான்கள் பிரிய எடுத்துக்கொண்ட காலத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. இத்தனை வேகம் எப்படி என்பதற்கு 2017இல் ஒரு நல்ல விடை கிடைத்தது: நெடுங்காலம் பிரிந்திருந்த இரண்டு ஆற்று வம்சங்கள், ஒன்று காங்கோ பக்கம், ஒன்று மேல் நைல் பக்கம், முன்பே கலந்துவிட்டிருந்தன, அந்தக் கலப்பில் சேர்ந்த மரபணு வகைகளை வைத்துக்கொண்டுதான் இவை புதுப்புது இனங்களாகக் கிளைத்திருக்கின்றன.

பிரித்தது மலை இல்லை, கண். விக்டோரியாவில் நெருங்கிய உறவான இரண்டு இனங்களைப் பாருங்கள்: கரையோரம் மேல்நீரில் ஒன்றின் நீல ஆண்கள், கொஞ்சம் ஆழத்தில் மற்றதன் சிவப்பு ஆண்கள். கலங்கல் நீரில் கீழே போகப் போக நீல வெளிச்சம் செத்துவிடும், ஆழத்தில் வாழும் மீனின் கண்ணும் சிவப்பை நன்றாகப் பிடிக்கும்படி மாறியிருக்கிறது. நீலத்தின் பெண் நீலத்தைத் தேடும், சிவப்பின் பெண் சிவப்பைத் தேடும். ஆய்வகத்தில் நிறம் தெரியாதபடி ஒரே ஆரஞ்சு விளக்கைப் போட்டபோது பெண்களுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை! ஏரியிலேயே நீர் மிகவும் கலங்கிய இடங்களில் இரண்டும் கலந்தே போய்விட்டன.

இனப்பெருக்கமும் வேடிக்கைதான். அந்த ஏரியின் பல இனங்களில் பெண் முட்டையிட்ட கையோடு வாயில் அள்ளிக்கொள்ளும். ஆணின் அடித்துடுப்பில் முட்டை போலவே மஞ்சள் புள்ளிகள் இருக்கும். தப்பிய முட்டை என்று நினைத்து அதையும் அள்ளப் பெண் வாயைத் திறக்கும், ஆண் விந்தை விடும், வாய்க்குள்ளேயே கருத்தரித்துவிடும்.

ஆப்பிரிக்காவிலேயே இருக்கும் மலாவி ஏரியில் பாறைக்கும் பாறைக்கும் நடுவே இருக்கும் வெறும் மணலைக்கூடத் தாண்டாத மீன்கள் உண்டு, அதைக் கட்டுரையாளர் தன் பக்கச் சாட்சியாக வைத்துக்கொள்ளட்டும். ஆனால் மத்திய அமெரிக்காவின் நிகரகுவாவில் அப்போயோ என்ற எரிமலை வாய் ஏரிக்கு என்ன சொல்வார்? குறுக்களவு ஐந்து கிலோமீட்டர்தான் இருக்கும், கிண்ணத்துக்குள் எந்தத் தடுப்பும் இல்லை. அங்கே ஒரே மூதாதையிலிருந்து அடிநீரில் மேயும் தடித்த மீனும் நடுநீரில் நீந்தும் ஒடுங்கிய மீனும் தனி இனங்களாகிவிட்டன.

உருவான வேகத்திலேயே அழிந்தும் போயின என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1950களில் விக்டோரியாவில் கொண்டுவந்து விட்ட நைல் பெர்ச் என்ற பெரிய வேட்டை மீன் 1980களில் பெருகியது, கழிவுநீரால் ஏரியும் கெட்டது, சுமார் 200 சிக்லிட் இனங்கள் காணாமல் போயின. இதைப் படித்தவனுக்கு, இங்கே சிலர் வளர்த்து அலுத்துப்போன தொட்டி மீனைக் கொண்டுபோய் ஓடையில் விடுவதைக் கேட்டால் வயிற்றைக் கலக்குகிறது. பாவம் பார்க்கிறார்களாம். குளிரில் பெரும்பாலானவை செத்துப்போகும், ஆனால் அதே ஓடை கீழே அணைக்குத்தான் போகிறது. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், பலர் வாங்கிக்கொள்வார்கள்.

அந்தக் கடைசிப் பத்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள். முடிந்தால் நம் நாட்டுக்கே சொந்தமான மூன்று சிக்லிட்களைப் பற்றியும் ஒரு கட்டுரை வரட்டும், கேரளத்தில் வறுத்துத் தின்னும் கரிமீன் அதில் ஒன்று. அவற்றின் நெருங்கிய உறவுகள் இருப்பது மடகாஸ்கரில். ஒரு காலத்தில் ஒட்டியிருந்த இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது பிரிந்தனவா, பிறகு கடல் தாண்டி வந்தனவா என்று இன்னும் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது, இரு தரப்பையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெருமாள்மலை, கொடைக்கானல்