ஃப்ரீடவுன் துறைமுகத்திலிருந்து

அன்புத் தோழிக்கு,

ஸ்தோத்திரம் டி. "எத்தனை பேர் மனந்திரும்பினார்கள் என்று நம்ம சபையில் கேட்கிறார்கள்" என்று எழுதியிருந்தாய். அப்படி ஒரு கணக்கே இங்கே கிடையாது என்று சொல்லிவிடு. நான் இருப்பது குளோபல் மெர்சி என்ற ஆஸ்பத்திரிக் கப்பலில். 174 மீட்டர் நீளம், 6 ஆபரேஷன் தியேட்டர். ஃப்ரீடவுன், மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் நாட்டுத் தலைநகர். இந்த நாட்டில் முக்கால்வாசிப் பேர் முஸ்லிம்கள். ஜெபம் பண்ணவா என்று கேட்போம். சிலர் சரி என்பார்கள், சிலர் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுப்பார்கள். அதை வைத்து யாருக்கும் மருந்து கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

இங்கே சம்பளம் கிடையாது. தங்கவும் சாப்பிடவும் மாதாமாதம் நாமே பணம் கட்ட வேண்டும். சர்ஜனும் கட்டுகிறார். "வேலையும் பார்த்துக் காசும் கொடுக்கிறாயா?" என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். என் பங்கில் பாதி, வாலிபர் ஐக்கியத்தார் கேக் விற்றுத் தந்தது. அவர்களிடம் மறக்காமல் சொல், வீணாகவில்லை.

நான் இருப்பது எலும்பு வார்டு. கால் வில்லாக வளைந்த பிள்ளைகள் வருவார்கள். எலும்பை வெட்டி நிமிர்த்தி மாவுக்கட்டுப் போட்டு அனுப்புவோம். ஆறு வயசுப் பையன் ஒருத்தன், இடுப்பிலிருந்து பாதம் வரை இரண்டு காலிலும் கட்டு. வார்டுக்கு யார் வந்தாலும் ஸ்கெட்ச் பேனாவை நீட்டுகிறான். என் முறைக்கு இடமே இல்லை, குதிகாலுக்கு மேலே அவன் பெயரைத் தமிழில் எழுதினேன். "இது எங்க சிஸ்டர் ஊரு எழுத்து" என்று இந்த ஊர் மொழியான கிரியோவில் எல்லாக் கட்டிலுக்கும் கேட்கக் கத்தினான். அவன் அப்பா மீன்பிடிக்கிறவர். ராத்திரி கட்டிலுக்கடியில் மெத்தையைப் போட்டுப் படுத்துக்கொள்கிறார். மத்தியானம் மரவள்ளி இலையைப் பாமாயிலில் சமைத்துச் சோற்றோடு தருவார்கள், நம்ம சபை விருந்தான அசனப் பந்தி மாதிரி எல்லாரும் ஒருவர் தட்டில் ஒருவர் கை வைத்துச் சாப்பிடுவார்கள். கிழங்கைத் தின்று வளர்ந்த எனக்கு, அதன் இலையும் இவ்வளவு ருசிக்கும் என்று தெரியாமல் போயிற்றே!

கஷ்டமான இடம், யாருக்கு ஆபரேஷன் செய்ய முடியும் என்று பார்த்துச் சொல்லும் ஸ்கிரீனிங்தான். விடியுமுன்னே வந்து நிற்பார்கள். குடலிறக்கம், கழுத்துக் கட்டி, பிளந்த உதடு என்றால் தேதி கொடுக்கலாம். புற்றுநோய் முற்றியிருந்தால் கத்தி வைத்துப் பயனில்லை. அதைச் சொல்ல வேண்டும், அவர்கள் கேட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். போன வாரம் ஒரு அம்மா என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். எனக்குத்தான் பேச்சு வரவில்லை. நீ கேட்ட "ஊழியம்" இதுதான் என்று நினைக்கிறேன், ஆனால் சபை கேட்கும் ரிப்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

2014இல் வந்த எபோலா என்ற கொள்ளைநோய் இந்த நாட்டின் டாக்டர்களையும் நர்சுகளையும் நிறையக் கொண்டுபோய்விட்டது. அதனால் உள்ளூர்க்காரர்களுக்கு மயக்க மருந்திலும் சர்ஜரியிலும் பயிற்சி கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஆபரேஷனைவிட அதுதான் பெரிய வேலை. கப்பல் ஒருநாள் கிளம்பிவிடும் அல்லவா?

படம் கேட்டிருந்தாய். வார்டில் போனை வெளியே எடுக்கவே கூடாது, அதனால் சபையில் திரையில் போட என்னிடம் ஒன்றுமில்லை. நல்லதுதான்.

உன் கல்யாணச் சேதியைக் கடைசி வரியில் நுழைத்திருக்கிறாயே, இது நியாயமா? மாப்பிள்ளை என்ன செய்கிறார், எந்த ஊர், எல்லாம் ஒழுங்காக எழுது. தேதி குறித்ததும் உடனே சொல், இங்கே லீவு முன்கூட்டியே கேட்டால்தான் கிடைக்கும்.

உன்,
கப்பல்காரி