முருகேசனுக்கு, பிளாஸ்டிக் எண்ணெய் பற்றி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டானா! இனி கைக்கு எட்டுகிற இடத்தில் எதையும் வைக்க முடியாது. முட்டி வலி எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

குப்பை பிளாஸ்டிக்கில் டீசல் எடுப்பது நிஜமா என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். காற்றுப் புகாத கலனில் 400 முதல் 600 டிகிரி வரை சூடேற்றினால் பாலிதீனின் நீளமான சங்கிலிகள் துண்டு துண்டாக அறுபடும். ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெய். மிச்ச வாயுவை அதே உலைக்கு எரிபொருளாக விடலாம். எங்கள் சோதனை உலையில் வருவது பழுப்பு எண்ணெய். ஆறியதும் பாதி மெழுகாக உறைந்துவிடும். ஜியோலைட் வினையூக்கி போட்டால் பெட்ரோல் பக்கம் நகரும்.

ஆனால் குப்பையில் பாலிதீன் மட்டுமா வருகிறது? பிவிசி கலந்தால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பி இரும்பை அரிக்கும். பெட் பாட்டில் கலந்தால் டெரிப்தாலிக் அமிலம் வெள்ளைப் பொடியாகக் குழாயில் படிந்து வழியையே அடைத்துவிடும். அதைக் கம்பியால் சுரண்டி எடுப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. உலையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள், குப்பையைப் பிரிக்கிறவர்களைப் பற்றி வாயே திறப்பதில்லை. எனக்கு எரிச்சலே அதில்தான்.

எனக்கு டீசல்மேல் பெரிய ஆசையும் இல்லை. எரித்தால் ஒரே தடவையில் கரியமில வாயுவாகப் போய்விடும். பெட் பிளாஸ்டிக்கை கிளைக்கால் என்ற ரசாயன திரவத்தோடு வினைபுரியவைத்தால் மூலப்பொருளுக்கே திரும்பலாம், மறுபடி பாட்டில் செய்யலாம். அக்ரிலிக் இன்னும் சமத்து. சூடாக்கினாலே பெரும்பகுதி மோனோமராகிவிடும், அதாவது சங்கிலியைக் கோத்த ஆரம்ப மூலக்கூறாகவே திரும்பிவிடும். பெட் பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியாவை ஜப்பானியர்கள் 2016இல் அறிவித்தார்கள். 2020இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் வேறொரு நொதியை மேம்படுத்தி, 10 மணி நேரத்தில் பெட் பிளாஸ்டிக்கின் 90 சதவீதத்தை உடைத்துக் காட்டினார்கள். பாலிதீனுக்கு அது எளிதில் எடுபடாது. உடல் முழுக்க கார்பன் பிணைப்பு, நொதி கடிக்கத் தோதான இடம் இல்லை. அதற்கு உலைதான். ஆனாலும் அந்த எண்ணெய் இன்ஜினுக்குப் போவதைவிட, சுத்திகரித்து, கச்சா எண்ணெயிலிருந்து வரும் நாப்தாவுக்குப் பதிலாகப் பெட்ரோகெமிக்கல் ஆலைக்குப் போனால், மீண்டும் பாலிதீனின் மூலப்பொருளான எத்திலீன் ஆகும்.

உன் மச்சான் இயந்திரம் வாங்க முன்பணம் கொடுக்கப் போகிறார் என்றாயே, கொஞ்சம் பொறுக்கச் சொல். தினமும் என்ன குப்பை வரும், யார் பிரிப்பார்கள், அமில வாயுவை எங்கே பிடித்து நடுநிலையாக்குவார்கள், அடியில் தங்கும் கரியை என்ன செய்வார்கள்? விற்பவரிடம் இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்கட்டும். வந்ததும் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராமு