ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு முற்றத்தைத் தாருங்கள்

மட்டக்களப்புத் திருச்சபைகளின் போதகர்மாருக்கும் ஞாயிறு பாடசாலைப் பொறுப்பாளர்களுக்கும்,

அன்புள்ள ஐயாமாரே, அக்காமாரே,

கல்லடியில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வேதப்பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளை விளையாட விட்டால், "சேர்ச் வளவுக்குள்ள என்ன சத்தம்?" என்ற கேள்வி வருகிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

விளையாட்டைப் பாடம் முடிந்தபின் கொடுக்கும் மிட்டாயாக நினைக்காதீர்கள். விளையாட்டின் விதிக்குள்ளேயே பாடம் இருக்க முடியும். லூக்கா 15இல் காணாமற்போன ஆட்டை எடுங்கள். ஒரு பிள்ளை ஒளிய, மற்றவர்கள் தேட வேண்டும். அந்தப் பிள்ளை கிடைக்கும்வரை யாருக்கும் பிஸ்கட் இல்லை. தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒளிந்திருந்த சின்னப் பிள்ளையைக் கண்டதும் எல்லோருமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேய்ப்பன் ஏன் ஆட்டைத் தோளில் சுமந்தான் என்று அதன்பிறகு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

யோவான் 21இல், இரவு முழுக்க ஒன்றும் படாத பேதுருவுக்கும் கூட்டாளிகளுக்கும் இயேசு சொன்னபடி வலை போட்டதும் 153 மீன்கள் படுகின்றன. அதற்காக 153 கடதாசி மீன்கள் வெட்டினோம். பழைய வலைத்துண்டு ஒன்றைக் கரைவலைபோல இரண்டு பக்கமும் நின்று இழுத்தார்கள். கடலுக்குப் போகிறவரின் மகன் ஒருவன் கேட்டான்: "இரவு முழுக்க ஒன்றும் படாட்டி அப்பா வீட்டில கதைக்கமாட்டார். பேதுருவும் அப்பிடித்தானா டீச்சர்?" இத்தனை வருடத்தில் அந்த அதிகாரத்தை நான் அப்படி வாசித்ததே இல்லை.

இஸ்ரவேலர் சுற்றிவந்து ஆர்ப்பரித்ததும் மதில் விழுந்த எரிகோ பட்டணத்தின் கதையும் அப்படித்தான். ஆறு நாளும் ஒவ்வொரு சுற்று, ஏழாம் நாள் ஏழு, மொத்தம் 13. அவர்களின் தலைவன் யோசுவாவாக நிற்கும் பிள்ளை சொல்லும்வரை வாய் திறக்கக் கூடாது. யாராவது பேசிவிட்டால் எல்லோரும் சேர்ந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். யாரையும் வெளியே அனுப்புவதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன்: தோற்ற பிள்ளையைச் சுவரோரம் நிற்கவைக்கும் விளையாட்டு வேதப்பாடத்துக்கு வேண்டாம். வசனம் ஒப்புவிக்கும் போட்டியில் திக்குவாயால் ஒவ்வொரு வருடமும் கடைசியாய் நின்ற ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். அவன் பிறகு வரவே இல்லை.

கிழமை முழுக்கப் பள்ளிக்கூடம், அப்புறம் புலமைப்பரிசில் வகுப்பு என்று குந்தியிருக்கும் பிள்ளைகள் இவர்கள். ஞாயிறும் வாங்கிலேயே இருக்கச் சொன்னால் எப்படி?

கேட்பது பெரிதில்லை. வெயில் ஏறுமுன் அரை மணி நேரமும் முற்றமும் போதும். பிள்ளைகள் சத்தம் போட்டால் உடனே அடக்காதீர்கள். முடிந்தால் வருகிற ஞாயிறு நீங்களும் வந்து எங்களோடு எரிகோவைச் சுற்றுங்கள்.

அன்புடன்,
ஒரு ஞாயிறு பாடசாலை ஆசிரியை