மொட்டை மாடி, மழைநீர்க் குழாய்: மழைக்கு முன் செய்ய வேண்டியவை

கும்பகோணம் குடியிருப்புக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஐப்பசி அடைமழை தொடங்கும் முன் நமது மொட்டை மாடியைச் சீர்செய்தாக வேண்டும். தட்டோடுகளின் இணைப்பு விட்ட இடங்களில் தேங்கும் நீர், கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்து, மேல்தள வீடுகளின் கூரைப் பூச்சைப் பெயர்க்கிறது. வெள்ளையடித்து மறைப்பதால் இது நிற்காது. துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு இட்ட பிறகே சிமெண்ட் பூச வேண்டும். அதற்கு முன் தட்டோடு இணைப்புகளை அடைத்துவிட வேண்டும்.

மொட்டை மாடி மேல்தளத்தாருக்கு மட்டும் உரியதன்று. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும், பொது இடங்களில் ஒவ்வொரு உரிமையாளருக்கும் பிரிக்கப்படாத பங்கு உண்டு என்றே கொள்கிறது. ஆகவே, தரைத்தளத்தார் உட்பட எல்லோரும் செலவைப் பகிர்ந்துகொள்வதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

மழைநீர்க் குழாய்களின் வாயில் சேர்ந்துள்ள சருகுகளை அகற்றுவதோடு, சேகரிப்புத் தொட்டியின் மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவ வேண்டும். நம் பகுதிக் களிமண்ணில் நீர் இயல்பாகவே மெதுவாகத்தான் இறங்கும். தொட்டியும் தூர்ந்துவிட்டால் வண்டி நிறுத்துமிடத்தில் நீர் தேங்கிவிடும்.

மாடிப்படித் திருப்பங்களில் உள்ள பழைய கட்டில்களையும் செருப்பு அலமாரிகளையும், நோயாளியைத் தூக்கிச் செல்ல இடையூறாக இருப்பதால், உடனே அகற்றுங்கள்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு மொட்டை மாடியில் கூடி, சேதத்தை நேரில் பார்த்தபின் கொத்தனாரின் மதிப்பீட்டை முடிவு செய்வோம். வர இயலாதவர்கள் சனிக்கிழமைக்குள் தங்கள் கருத்தை இங்கே எழுதுங்கள்.