டீச்சர் போடுற மார்க்கு

மாப்ள,

தங்கச்சிக்கு டிரான்ஸ்பர் கெடச்சிருச்சாமே, சந்தோசம்டா, இனிமேலாவது ரெண்டு பேரும் ஒரே வீட்ல சோறு திங்கலாம். இங்க மதுரைல வெயில் போட்டு வறுக்குது, வேறென்ன.

நீ கேட்ட ஆட்டிசம் செக்லிஸ்ட், அதான் எந்தப் பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கலாம்னு டீச்சருங்க மார்க் போட்டுப் பாக்க நாங்க தயார் பண்ற கேள்வி ஃபாரம், ஒருவழியா ஓடிக்கிட்டிருக்கு. திருமங்கலம் பக்கம் ஒரு ஸ்கூல்ல ஒரே பயலுக்கு கிளாஸ் டீச்சரையும் பி.டி சாரையும் தனித்தனியா மார்க் போடச் சொன்னோம். "மத்த பிள்ளைகளோட சேரமாட்டான்"ங்கிறதுக்கு அந்தம்மா 5க்கு 4 போட்டாங்க, இவரு 1. ஏன் சார்னா "கபடிக்கு கோடு அவந்தான் போடுவான், தங்கமான பய"ங்கிறாரு. கோடு போடுறதும் கூடி வெளையாடுறதும் ஒண்ணா? ஆனா அவரச் சொல்லிக் குத்தமில்ல, அபிப்பிராயம் கேட்டா ஆளுக்கொண்ணுதான் வரும். இப்ப "இன்டர்வெல்ல தானாப் போயி இன்னொரு பிள்ளைட்ட பேசுறானா, ஒரு வாரம் பாத்துட்டு போடுங்க"ன்னு மாத்திருக்கோம், ரெண்டு பேரு மார்க்கும் இப்பத்தான் கிட்டக்க வருது.

அப்புறம் இந்த கண்ணப் பாத்துப் பேசுற கேள்வி. வாத்தியார் முன்னாடி தலையக் குனிஞ்சு நிக்கணும்னு சொல்லிச் சொல்லி வளத்த பிள்ளைகடா நம்ம ஊர்ல, அத அப்படியே வச்சா பாதி கிளாஸுக்கு ஆட்டிசம்னு வந்துரும். அதுனால கூட்டாளிட்ட ஏதாச்சும் காட்டும்போது அவன் மூஞ்சியப் பாக்குறானான்னு கேக்குறோம்.

புள்ளிவிவரம் பாக்குற தம்பி ஆல்பா, அதான் கேள்விக ஒண்ணோட ஒண்ணு எம்புட்டு ஒத்துப்போகுதுங்கிற கணக்கு, 0.7 தாண்டிருச்சுன்னு குதிக்கிறான். ஒரே கேள்வியப் பத்து விதமா கேட்டாலும் ஆல்பா ஏறத்தான செய்யும், ரெண்டு டீச்சர் ஒத்துப்போறாய்ங்களாங்கிறது வேற கணக்குல்ல.

இன்னொரு கூத்து, ஒரு ஹெச்.எம் இந்தப் பேப்பரக் காட்டியே ஒரு தாய்க்கிட்ட "ஒங்க பிள்ளைக்கு ஆட்டிசம், வேற ஸ்கூல் பாருங்க"ன்னுட்டாரு. எனக்கு வந்துச்சே கோவம். இது யார டாக்டர்ட்ட அனுப்பணும்னு பாக்கத்தான். ஆட்டிசம் இருக்கா, எம்புட்டு இருக்குன்னு அளக்க நம்ம நாட்டுல 2009ல வந்த ஐஎஸ்ஏஏ ஸ்கேல்ல 40 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 1லருந்து 5, மொத்தம் 70க்கு கீழனா ஆட்டிசம் இல்லம்பாங்க, அதையே டிரெயினிங் எடுத்தவுங்க பிள்ளையப் பாத்து பெத்தவங்கட்டயும் பேசித்தான் போடணும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆட்டிசமும் இருக்கு, ஸ்கூல விட்டு வெரட்ட இவரு யாரு?

ஒரு உதவி பண்ணுடா. ஒங்க ஸ்கூல்ல ஒரே பிள்ளைய நல்லாத் தெரிஞ்ச ரெண்டு டீச்சரப் பிடி, பெத்தவங்கட்ட சம்மதம் வாங்கிட்டு ஃபாரத்த நெப்பச் சொல்லு. ஸ்டாஃப் ரூம்ல ஒக்காந்து பேசி வச்சு மட்டும் போட்ற வேணாம்னுரு. ஃபாரம் வாட்ஸப்ல அனுப்புறேன்.